ரத்தத்தில் முதல் ரேங்க்

சின்னவளின் ரத்தப் பரிசோதனையில் நூற்றெண்பத்தேழு வந்திருக்கிறது என்று தெரிந்ததும் அந்த வீட்டில் முதலில் தலைகாட்டியது பெருமைதான். கவலை பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தது.

"பத்துக்குள்ள இருந்தா நார்மல்னு போட்டிருக்கான். இவ நூத்தியெண்பத்தேழு வாங்கியிருக்கா!" என்றாள் அம்மா.

வாங்கியிருக்காளாம். சாப்பாட்டு மேஜையின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த பெரியவள், அந்தச் சொல்லை மட்டும் தனியாக எடுத்து மென்று பார்த்தாள். கசந்தது. ஐம்பதை நெருங்கும் வயதில், நோயிலும் தங்கைதான் முதல் ரேங்க்.

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. முப்பத்துநான்கு வருடம் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்தியவள். தெருவில் காய்கறிக்காரர் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் அவள் கணக்கு டீச்சர். பொதுத்தேர்வு விடைத்தாள்களை மூட்டை மூட்டையாகத் திருத்தித் தள்ளிய கை அது. ஓய்வு பெற்ற பிறகும் சிவப்புப் பேனா கையைவிட்டு இறங்கவில்லை. கரண்ட் பில் வந்தால் கூட்டல் சரிபார்த்து டிக் போடுவாள். கல்யாணப் பத்திரிகை வந்தால் பிழைகளைச் சுழித்துவிட்டுத்தான் மாப்பிள்ளை யார், பெண் யார் என்று பார்ப்பாள். எண் என்று ஒன்று கண்ணில் பட்டால் அது மார்க். அதிகம் என்றால் நல்லது. சர்க்கரை அளவு ஒன்றைத்தான் சிரமப்பட்டு விதிவிலக்காக ஏற்றுக்கொண்டிருந்தாள்.

சின்னவளுக்கு வந்திருந்தது சீலியாக். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பு தன் சிறுகுடலையே பகையாளி என்று நினைத்து அடிக்கும். மருந்து கிடையாது, வாழ்நாள் முழுக்கக் கோதுமையைத் தொடக்கூடாது. குழாய் விட்டு, குடலில் துளி சதை எடுத்துப் பார்த்தும் உறுதி செய்துவிட்டார்கள். மூன்று மாதம் வயிற்றுப்போக்கு, நாலு கிலோ எடை குறைவு, உடனே பெரிய டாக்டர், உடனே நோயின் பெயர். சின்னவளுக்கு எல்லாமே உடனே கிடைக்கும். பள்ளியில் அவளுக்கு டபுள் புரமோஷன் கிடைத்து, அக்கா இருந்த வகுப்பிலேயே, அக்கா உட்கார்ந்த பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்தவள் அல்லவா!

பெரியவளுக்குப் பதினெட்டு வருடமாக வயிறு உப்புசம், வாய்ப்புண், மாடி ஏறினால் மூச்சு வாங்கும் சோகை. இரும்புச்சத்து மாத்திரையை மிட்டாய் மாதிரி விழுங்கியும் ரத்தம் ஏறவில்லை. போன டாக்டர்கள் எல்லோரும் "கேஸ்" என்றார்கள், அல்லது "டென்ஷன்" என்றார்கள். வீட்டில் "முனகல்" என்று பட்டப்பெயரே வைத்தாயிற்று. "முனகல் வந்தாச்சா? சோபாவைக் காலி பண்ணுங்க, படுக்கணும்பா." இதே சின்னவள் சொன்னதுதான்.

"கூடப்பிறந்தவங்களும் டெஸ்ட் பண்ணிக்கணும்னு டாக்டர் சொன்னாங்க" என்று சின்னவளின் கணவர் அறிவித்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விற்பனையாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். மனைவிக்கு நோய் என்று தெரிந்த ஒரே வாரத்தில் அந்த நோய்க்கும் பயிற்சியாளராகிவிட்டார். கூடத்துச் சுவரில் படம் காட்டி, சிவப்பு லேசர் புள்ளியைக் குடல்மேல் ஓட்டி, முக்கால் மணி நேரம் வகுப்பெடுத்தார். அம்மா வீட்டிலேயே இரண்டு டோஸ்டர், இரண்டு கத்தி, இரண்டு வெண்ணெய்க் கிண்ணம்; சின்னவளுக்கானதில் மட்டும் ஸ்டிக்கர். சிலிண்டருக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். அது எதற்கு என்று யாருக்கும் கேட்கத் தைரியமில்லை.

"அண்ணி, பத்துல ஒருத்தருக்கு இருக்க வாய்ப்பிருக்கு. பயப்படாதீங்க."

பெரியவள் பயப்படவில்லை. பரிசோதனைக்குப் போன காலையில் நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். பஸ் டிப்போவில் வேலை பார்க்கும் அவள் கணவர் வாசலில் செருப்பை மாட்டியபடி ஏற இறங்கப் பார்த்தார்.

"ரத்தம் குடுக்கப் போறியா, பரிசு வாங்கப் போறியா?"

"சும்மா இருங்க."

"இருந்தா கஷ்டம்டி. உன் வேலை போயிடும்."

அது உண்மை. பெரியவள் பிஸ்கட் ஆலையில் ருசி பார்க்கும் அறையின் தலைவி. வெள்ளைக் கோட்டு, தலைமுடிக்கு வலை, வெந்நீர் டம்ளர். மணிக்கு ஒருமுறை அடுப்பிலிருந்து வரும் பிஸ்கட்டைக் கடித்து, "மூணாம் அடுப்பு சூடு தூக்கலா இருக்கு" என்பாள்; போய்ப் பார்த்தால் தூக்கலாகத்தான் இருக்கும். உலகத்தில் அவள் சொல்லை மறுபேச்சில்லாமல் நம்பியது அந்த மூன்றாம் அடுப்புக்காரர் ஒருவர்தான். அந்த நம்பிக்கையையே பணயம் வைத்துத்தான் கையை நீட்டினாள். ஒரே ஒரு காகிதம், அவள் பொய் சொல்லவில்லை என்று அச்சடித்து வந்தால் போதும்.

காகிதம் வந்தது. இரண்டு பக்கம். முதல் பக்கத்தில், சின்னவளுக்கு நூற்றெண்பத்தேழு போட்டிருந்த அதே வரியில், சைபர் புள்ளி மூன்று.

அம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். சிவப்புப் பேனா மூடியைக் கழற்றினாள். அந்த எண்ணுக்குக் கீழே ஒரு கோடு இழுத்தாள். ஜஸ்ட் பாஸுக்குக்கூட வராத பிள்ளைகளுக்கு இழுக்கும் கோடு அது. பிறகு இரண்டாம் பக்கத்தைப் பிரித்து, அதன் வெள்ளை முதுகில் நீள்வகுத்தல் ஒன்று போட்டாள்.

"சின்னவளோடது இவளைப்போல அறுநூத்தி இருபத்திமூணு மடங்கு. மீதி போயிட்டே இருக்கு."

"ஜீரோ பாயின்ட் த்ரீ!" சின்னவளின் கணவர் லேசரைத் தேடினார்; கிடைக்காமல் விரலையே நீட்டினார். "அண்ணி, நீங்க சுத்தம். நூறு சதவீதம் கிளீன். இனிமே வயித்து வலின்னு யாரும் சொல்ல முடியாது."

"சந்தோஷமா இருக்குக்கா" என்றாள் சின்னவள், கையைப் பிடித்துக்கொண்டு. அந்தக் குரலில் துளி பொய்யில்லை. அதுதான் பெரியவளுக்குத் தாங்கவில்லை. வயிறு எரிந்தது. எந்த எரிச்சல் எதனால் என்று பிரித்துச் சொல்ல அவளால் முடியவில்லை.

அதன் பிறகு வந்த இரண்டு மாதமும் சின்னவளின் ஆட்சி. ஹோட்டலுக்குப் போனால் சமையல்காரரே வெளியே வந்து அவள் முன்னால் கைகட்டி நிற்பார். அலுவலகத்தில் அவளுக்குத் தனி அலமாரி. சொந்தக்காரர்கள் போன் செய்தால் முதல் கேள்வி, "சின்னவ எப்படி இருக்கா, என்ன சாப்பிடறா?" இரண்டாவது கேள்வி என்று ஒன்று வராது. எண்பது வயதுப் பெரியப்பா கோதுமை இல்லாத மாவு தேடி மூன்று கடை ஏறி இறங்கினார். பதினெட்டு வருடத்தில் பெரியவளுக்காக அவர் மாடிப்படிகூட ஏறியதில்லை.

அம்மாவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு இரண்டு கேக் வந்தது. ஒன்று பெரியது, ஊருக்கு. மற்றொன்று உள்ளங்கை அகலம், தனிப் பெட்டி, தனி ரிப்பன், மேலே சின்னவள் பெயர். பெரியவளின் கண் அந்த ரிப்பனிலேயே கிடந்தது. நாற்பத்தொன்பது வயதுப் பெண்மணி, இரண்டு பிள்ளைகள் வெளியூரில் வேலை பார்க்கிறார்கள், ஒரு ரிப்பனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள். எத்தனை கேவலம் என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் கண் அதைவிட்டு நகரவில்லை.

ஊர் கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டாள். அரை மணியில் வயிறு தவில் மாதிரி ஆகிவிட்டது. சோபாவுக்குப் போய்ப் படுத்தாள்.

"என்னடி?" என்றாள் அம்மா.

"வயிறும்மா. கேக் ஒத்துக்கலை. எனக்கும் அவளை மாதிரியே..."

அம்மா விருந்தாளிகள் எல்லோருக்கும் கேட்கும்படி, வகுப்பறைக் குரலில் சொன்னாள்: "போதும்டி. அவளைப் பார்த்துக் காப்பியடிக்காதே."

கூடத்தில் நாலு பேர் சிரித்தார்கள். பெரியவள் சிரிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில், ஒரே பெஞ்சில், கணக்குத் தேர்வில் அவள் அதிசயமாக எண்பத்திரண்டு வாங்கியபோது அம்மா எல்லோர் முன்னாலும் சொன்ன அதே சொற்கள். அன்றைக்கும் அவள் காப்பியடிக்கவில்லை. அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஆலைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, காகிதங்களைப் பையில் திணித்துக்கொண்டு லேபுக்குப் போனாள். கவுன்ட்டரில் நடுவயதுப் பெண்மணி ஒருவர், ரத்தக் குழாய்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"மறுகூட்டலுக்கு எங்கங்க எழுதிக் குடுக்கணும்?"

"எதுக்கு?"

"மறுகூட்டல். இல்லைன்னா மறுமதிப்பீடு. இதைத் திரும்பத் திருத்தணும்."

லேப் பெண்மணி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இது ரத்தம்மா. பரீட்சைப் பேப்பர் இல்ல."

"எங்க வீட்ல ரெண்டும் ஒண்ணுதான்."

அவர் முதல் பக்கத்தை வாங்கினார். "ஏன் சிவப்புக் கோடு? நாங்க போடலையே."

"எங்கம்மா."

"அம்மா டாக்டரா?"

"கணக்கு டீச்சர்."

"சரி. கீழே 'ரெண்டுல ஒண்ணாம் பக்கம்'னு போட்டிருக்கு பாருங்க. இன்னொரு பக்கம் எங்க?"

பெரியவள் பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தாள். மேலே தெரிந்தது அம்மாவின் நீள்வகுத்தல். வகுத்தியும் ஈவும் மணிமணியான எழுத்தில்.

"இது என்ன?"

"ரஃப் ஒர்க். என் தங்கச்சியோடதை என்னோடதால வகுத்தது."

லேப் பெண்மணி நாற்பது வகைக் கிறுக்கர்களைப் பார்த்தவர். இது நாற்பத்தொன்றாவது என்று முகத்தில் எழுதியிருந்தது. "நல்ல கையெழுத்து" என்றார். காகிதத்தைத் திருப்பினார். திருப்பியதும் குழாயைக் கீழே வைத்தார்.

"இந்தப் பக்கத்தை யாராச்சும் படிச்சீங்களா?"

"வகுத்தோம்."

"நான் விளக்கம் சொல்லக்கூடாதும்மா, அது டாக்டர் வேலை. ஆனா அச்சடிச்சதை நீங்க படிக்கலாமில்ல? இங்க. நட்சத்திரம் போட்டிருக்கே, அது. சத்தமாப் படிங்க."

பெரியவள் படித்தாள். மொத்த ஐஜிஏ: 0.07-க்கும் குறைவு. இருக்க வேண்டியது 0.7 முதல் 4 வரை. அதற்குக் கீழே, பொடி எழுத்தில்: மொத்த ஐஜிஏ மிகக் குறைவாக இருப்பதால் முதல் பக்க முடிவை மட்டும் நம்ப இயலாது, ஐஜிஜி வகைப் பரிசோதனை தேவை, மருத்துவரைப் பார்க்கவும்.

படித்துவிட்டு மறுபடியும் படித்தாள். இரண்டு மாதமாக அந்த வரி அம்மாவின் வகுத்தலுக்கு அட்டைபோல அடியில் கிடந்திருக்கிறது.

குடல் டாக்டர், சின்னவளைப் பார்த்த அதே அம்மையார், இரண்டு பக்கத்தையும் முன்னும் பின்னும் பார்த்தார்.

"உங்களுக்கு நோய் இல்லைன்னு யார் சொன்னது?"

"என் தங்கச்சி வீட்டுக்காரர்."

"அவரும் டாக்டரா?"

"இன்ஷூரன்ஸ்."

டாக்டர் காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார். "இதோ பாருங்கம்மா. குளூட்டனுக்கு எதிரா உடம்பு தயார் பண்ற எதிர்ப்புப் புரதத்தைத்தான் இந்த டெஸ்ட் தேடும். அதுலயும் ஐஜிஏங்கிற ஒரே வகையை மட்டும் தேடும். உங்க உடம்பு அந்த வகையையே கிட்டத்தட்டத் தயார் பண்றதில்ல. சிலருக்குப் பிறவியிலேயே அப்படி. அப்புறம் மெஷின் எதைக் கண்டுபிடிக்கும்? உங்களுக்கு நோய் இருந்தாலும் ஜீரோ, இல்லைன்னாலும் ஜீரோ."

பெரியவள் யோசித்தாள். "அப்ப நான் பெயில் இல்லையா?"

"பெயிலா?"

"பரீட்சை எழுதி ஜீரோ வாங்கினா பெயில். பரீட்சைக்கே வரலைன்னா ஆப்சென்ட்."

டாக்டருக்கு முகம் மலர்ந்தது. "ஆப்சென்ட். அதேதான்! நான் இதை நாளையிலிருந்து எல்லாருக்கும் சொல்வேன். இப்ப ஐஜிஜிங்கிற இன்னொரு வகையை எடுத்துப் பார்க்கலாம். கோதுமையை நிறுத்திட்டீங்களா? நிறுத்தியிருந்தா அந்த டெஸ்ட்டும் ஏமாத்தும்."

"பிஸ்கட் கம்பெனியில ருசி பார்க்கிறேன் டாக்டர். ஒரு நாளைக்கு முப்பது பிஸ்கட்."

"எத்தனை வருஷமா?"

"பத்தொன்பது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வயிறு வலிக்குதுன்னு இதுக்கு முன்னாடி யார்கிட்டயும் சொல்லலையா?"

அந்தக் கேள்விக்குத்தான் பெரியவளுக்கு அழுகை வந்தது. சொல்லாமல் இருந்த நாள் எது என்று தேடிப் பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் புதிய காகிதத்தை வைத்தாள். இந்த முறை ஒரே பக்கம். கணவரும் கூட வந்திருந்தார். சின்னவளும் அவள் கணவரும் ஸ்டிக்கர் ஒட்டிய தட்டுகளுடன் எதிரே.

அம்மா எடுத்துப் படித்தாள். "ஐஜிஜி... இருநூத்தி ஐம்பதுக்கு மேல்." நிமிர்ந்தாள். "மேல்னா? சரியா எவ்வளவு?"

"மெஷின் அதுக்கு மேல எண்ணாதாம்மா."

சின்னவள் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இது வேற டெஸ்ட்க்கா. என்னோடது ஐஜிஏ. ரெண்டையும் ஒப்பிடக்கூடாது."

"ஆமாடி. டாக்டரும் அதான் சொன்னாங்க" என்றாள் பெரியவள். மார்க் முக்கியமில்லை என்று சொல்லும் தாராளம் முதல் ரேங்க் வாங்கியவர்களுக்கு மட்டும் எப்படி வருகிறது என்பது அவளுக்கு அன்றுதான் புரிந்தது. "மார்க்கெல்லாம் என்ன பெரிய விஷயம்? விடு."

"நான் அன்னிக்கே நினைச்சேன்" என்று சின்னவளின் கணவர் தொண்டையைக் கனைத்தார். "ஃபால்ஸ் நெகட்டிவ்னு ஒரு விஷயம் இருக்கு. என் அடுத்த வகுப்புல..."

"சகலை, சிலிண்டருக்கு எதுக்கு ஸ்டிக்கர்?" என்று கேட்டார் பெரியவளின் கணவர். மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்தது.

வகுப்பு அதோடு கலைந்தது.

அம்மா எழுந்து போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. சிவப்புப் பேனாவுடன் திரும்பி வந்து பெரியவளிடம் கையை நீட்டினாள்.

"பழைய பேப்பரைக் குடு."

முதல் பக்கத்தை மேஜையில் விரித்து, சைபர் புள்ளி மூன்றை ஒரே கோட்டால் அடித்தாள். பக்கத்தில் 'வரவில்லை' என்று எழுதினாள். திருத்திய மார்க்குக்குப் பக்கத்தில் திருத்தியவர் சுருக்கொப்பம் போட வேண்டும் என்பது விடைத்தாள் திருத்தும் இடத்தின் விதி. தவறு தன்னுடையது என்று அந்த ஆசிரியர் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். முப்பத்துநான்கு வருடத்தில் அம்மா அப்படிப் போட நேர்ந்ததே இல்லை என்பது ஊரறிந்த பெருமை. பேனா முனை காகிதத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஒப்பம் போட்டாள், தேதியும் போட்டாள்.

"ஒன்பதாம் கிளாஸ் கணக்குப் பேப்பர் இருக்காம்மா?" என்று கேட்டாள் பெரியவள்.

அம்மா அவளைப் பார்த்தாள். "அதுவும் நீயே போட்டதா?"

"நானே போட்டதுதான்."

"பேப்பர் இல்லடி" என்றாள் அம்மா. பேனாவை மூட வெகுநேரம் ஆயிற்று. மூடி சரியாகப் பொருந்தவில்லை போலிருந்தது.

சின்னவள் பேச்சை மாற்ற ஆசைப்பட்டாள். "சரி, இன்னிலேருந்து நீயும் என் டோஸ்டர்தான். அந்த பிரெட்டைத் தொடாதே. என்னோட கோதுமையில்லாத பிரெட் இருக்கு, அட்டை மாதிரிதான் இருக்கும், பழகிடும்."

"முடியாதே" என்றாள் பெரியவள். "குழாய் விட்டுப் பார்க்க இருபது நாள் கழிச்சுத்தான் தேதி கிடைச்சிருக்கு. அதுவரைக்கும் கோதுமையை நிறுத்தவே கூடாதாம். நிறுத்தினா குடல் ஆற ஆரம்பிச்சிடும், பார்க்கிறவங்களுக்குத் தெரியாமப் போயிடும். தினமும் சாப்பிட்டே ஆகணும்னு டாக்டர் உத்தரவு."

"தினமுமா?"

"ரெண்டு ஸ்லைஸாவது."

சொல்லிக்கொண்டே ஸ்டிக்கர் இல்லாத டோஸ்டரில் இரண்டு துண்டு பிரெட்டைப் போட்டாள். கூடம் முழுக்க மணம் எழுந்தது. சின்னவளின் தலை தானாகவே அந்தப் பக்கம் திரும்பியது. பெரியவள் வெண்ணெயை ஓரம் வரைக்கும் இழுத்துத் தடவினாள். கடித்தாள். இன்னும் அரை மணியில் சோபா தேவைப்படும் என்று அவளுக்குத் தெரியும். ஆலை மேலாளரிடம் சொல்லியாயிற்று. அடுத்த மாதம் வாய்க்கு வேலையில்லை, காதுக்குத்தான். பிஸ்கட்டை உடைத்து, உடையும் சத்தத்தை வைத்துப் பதம் சொல்லும் மேஜைக்கு மாற்றுகிறார்களாம். மூன்றாம் அடுப்புக்காரர், "உங்க காதும் கரெக்டாத்தான்க்கா இருக்கும்" என்றிருந்தார்.

சின்னவளின் கண் அந்த பிரெட்டிலேயே கிடந்தது. ரிப்பனைப் பார்த்துக்கொண்டு கிடந்த தன் கண்ணை வெளியே நின்று பார்ப்பதுபோல் இருந்தது பெரியவளுக்கு.

"எப்படிக்கா இருக்கு?" என்றாள் சின்னவள், சின்னக் குரலில்.

சும்மா பிரெட்தான், ஒன்றும் விசேஷமில்லை என்று சொல்லியிருக்கலாம். நல்ல அக்காக்கள் அப்படித்தான் சொல்வார்கள். பெரியவள் கண்ணை மூடி, நிதானமாக மென்று, பத்தொன்பது வருட அனுபவத்தை எல்லாம் நாக்கில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"ஓரம் நல்லா முறுகலா இருக்குடி. நடுவுல மெத்துன்னு. வெண்ணெய் அப்படியே உள்ள இறங்கியிருக்கு."

"போதும், நிறுத்து."

"நீதானே கேட்டே?"

"நிறுத்துன்னேன்ல!"

பெரியவள் நிறுத்தினாள். இரண்டாவது துண்டைக் கையில் எடுத்தாள். மேஜையைச் சுற்றி வந்து, தங்கை பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்தப் பள்ளிப் பெஞ்சிலும் இருவரும் இப்படித்தான் உட்கார்ந்தார்கள். பிரெட்டின் முறுகிய ஓரத்தைத் தங்கையின் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெதுவாக உடைத்தாள்.

"கேட்டுக்கோ. இது மட்டும் நமக்கு அனுமதி."

சின்னவள் கேட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டே, "இன்னொரு தடவை" என்றாள்.